குட்டிச் சக்கரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை

பினாங்கிலிருந்து அம்மாவின் தம்பி, எங்கள் மாமு, ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த சாமான்களில் ஒன்று அட்டைப் பெட்டிக்குள் இரண்டாக மடங்கிக் கிடந்தது. பாத்திரம் அடுக்கும் ஸ்டாண்டு என்று அம்மா நினைத்தாள். மாமு அதை வெளியே எடுத்து விரித்து, நடுவிலிருந்த கொக்கியை அழுத்திப் பூட்டியதும் சைக்கிளாகிவிட்டது. சிவப்பு நிறம். சக்கரங்கள் இரண்டும் சுளகு அகலம்தான் இருக்கும். சீட் மட்டும் பெரிய ஆட்களுக்கானது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்தில் பஜாரை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா பஜாரில் பை, குடை, டார்ச் லைட் விற்கும் கடை வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் கூடத்தின் நடுவில் நின்ற சைக்கிளைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

"இத யாரு ஓட்ட?"

"சின்னவளுக்குத்தான் மச்சான். அங்கயெல்லாம் பொம்பளப் புள்ளைக இதுலதான் பள்ளிக்கூடம் போகுதுக" என்றார் மாமு.

"அங்க போகட்டும்" என்றார் அத்தா. அதோடு பேச்சு முடிந்தது. மாமு இருந்த ஒரு மாதமும் சைக்கிளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. மாமு கப்பலேறிய பிறகு அதை விற்றுவிடவும் அத்தாவுக்கு மனம் வரவில்லை. மைத்துனர் கொடுத்தது ஆயிற்றே.

வீட்டிலும் வகுப்பிலும் நான்தான் குள்ளம். வாடகைக் கடையின் பெரிய சைக்கிள்கள் எனக்குக் கழுத்து உயரம் வரும். இந்தச் சிவப்பு வண்டியில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் பாவின. என்னைவிட இரண்டு வயது மூத்த அக்கா நல்ல உயரம். அவள் ஏறினால் முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. அதனால் அவள் ஓட்ட ஆசைப்படவில்லை. என்னை ஓட்ட வைக்கத்தான் ஆசைப்பட்டாள்.

அத்தா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் பின்னாலிருந்த சந்தில் பழகினேன். அக்கா கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள். எங்கள் இருவருக்கும் ஒரு காது எப்போதும் முன்வாசல் பக்கமே இருக்கும். கதவு லேசாகக் கிரீச்சிட்டாலும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துணி காயப்போடுகிறவர்கள் மாதிரி நிற்போம்.

பெரிய சக்கரம் சட்டையே செய்யாமல் தாண்டிவிடும் சின்னக் குழி, இந்தச் சக்கரத்தைத் தூக்கி எறிந்துவிடும். ஹேண்டிலை லேசாகத் தொட்டாலே வண்டி சட்டென்று திரும்பும். மற்றவர்கள் ஒரு மிதி மிதிக்கும் தூரத்துக்கு நான் ஒன்றரை மிதி மிதிக்க வேண்டும். காற்றடிப்பதுதான் பெரும்பாடு. அதன் வால்வ் நம்மூர் சைக்கிள் வால்வ் இல்லை. காருக்கும் லாரிக்கும் இருப்பதுபோல ட்யூபோடு ஒட்டிய தடித்த ரப்பர் வால்வ். சைக்கிள் கடைப் பம்பு அதற்குச் சேராது. லாரி டயர் பஞ்சர் ஒட்டும் கடைக்குத்தான் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அங்கே நிற்கிற ஆம்பளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் உள்ளங்கை வேர்த்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தா கொள்முதலுக்கு மதுரை போயிருந்தார். நானும் அக்காவும் அய்யனார் கோவில் ரோட்டில் கிளம்பிவிட்டோம். நான் மிதிக்க, அவள் பின்னால் கால்களைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊர் முடிந்து மாந்தோப்புகள் வந்தன. இலை நிழலுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தோம். மலை முகத்துக்கு நேரே வந்து நின்றது. அக்கா என் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் மிதிட்டி, இன்னுங் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். திரும்பி வரும்போது எதிரே மொபெட்டில் ஒருவர் வந்தார். அத்தாவோடு பள்ளிவாசல் முற்றத்தில் உட்கார்ந்து பேசுகிறவர். வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தார். மறுபடி வேகமெடுத்துப் போய்விட்டார். அக்கா இறங்கி வீடு வரை வண்டியோடு நடந்தே வந்தாள்.

மறுநாள் காலை அத்தா சைக்கிளின் நடுக் கொக்கியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். அதைத் திறக்கும் விதம் அவருக்குத் தெரியவில்லை. அருகில் போய்ச் சொல்லித்தர எங்கள் இருவருக்கும் தைரியமில்லை. கடைசியில் எப்படியோ மடக்கி, பரண்மேல் தூக்கி வைத்தார். "ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகுற வரைக்கும் அது அங்கயே கெடக்கட்டும்" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை.

அக்காவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்தார்கள். மடவார் வளாகம் பக்கத்தில் அக்காவைக் கட்டிய மச்சான் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். நான் கல்லூரியில் சேர்ந்தபோது டவுன் பஸ் நெரிசலைச் சொல்லிச் சொல்லியே அம்மா சைக்கிளைப் பரணிலிருந்து இறக்க வைத்தாள். வீட்டிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து வீடு. அதற்கு மேல் ஒரு தெரு கூடாது. திரும்பி வரும்போது அத்தா கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

கல்லூரியில் ஒரு முகாமில் எல்லோருக்கும் ரத்த வகை பார்த்தார்கள். எனக்கு ஓ நெகட்டிவ் என்றார்கள். அதற்கு அடுத்த வருஷம் அக்கா உண்டாகியிருந்தபோது அவளுக்கும் அதுவே என்று தெரிந்தது. எளிதில் கிடைக்காத வகை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா சொன்னதை அக்கா பெருமையாகத்தான் சொன்னாள். பிரசவத்தையும் தானே பார்ப்பதாக அவர் சொன்னதால் அக்காவை நாங்கள் ஊருக்கு அழைத்து வரவில்லை.

கோடை லீவு முடிந்து கல்லூரி இன்னும் திறக்காத ஒரு நாள். ஆனி மாசத்துக் காற்று கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. காலை பத்து மணி வாக்கில் அத்தா வீட்டுக்கு வந்தார். கடையைத் திறந்தபிறகு அந்த நேரத்தில் அவர் வந்ததே இல்லை.

"புள்ள பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள" என்றார்.

அம்மா முகம் மலர்ந்து, அல்லாவுக்கு நன்றி சொல்லக் கையை உயர்த்தினாள். அத்தா உட்காரவில்லை.

"ரத்தம் நிக்கலையாம். மாப்பிள்ளை பக்கத்துக் கடைக்குப் போன் போட்டாரு. ஆஸ்பத்திரியில அந்த குரூப் ரத்தம் இல்லையாம். இவள உடனே கூட்டிட்டு வரச் சொல்லுறாரு."

அம்மா தூக்கிய கையை இறக்கவே இல்லை.

"பஸ் ஸ்டாண்டுல ஒரு பஸ் நகரல" என்று அத்தா தொடர்ந்தார். "வில்லிபுத்தூர் ரோட்டுல விடியக்காலம் பஸ் மோதி ஒரு ஆள் போயிட்டானாம். மறியல். கண்ணாடியெல்லாம் ஒடச்சுருக்காங்க. டாக்ஸிக்காரன் ஒருத்தனும் வர மாட்டேங்குறான்." பிறகு என்னைப் பார்த்தார். "கேரியர்ல ஏறு."

அவருடைய சைக்கிள் மூட்டை ஏற்றும் உயரமான பழைய வண்டி. அவருக்கோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. மாடிப்படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குவார். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது.

"என்னயும் வச்சு மிதிக்க ஒங்களால ஏலாது அத்தா. நான் என் வண்டில வாரேன்."

"அந்த ரோட்டுலயா?"

நான் வண்டியை வாசலுக்கு உருட்டினேன். அம்மாதான் சொன்னாள்: "நின்னு பேசுற நேரமா இது? போங்க ரெண்டு பேரும்."

ஊரைத் தாண்டும்வரை அத்தா முன்னால் போனார். பிறகு வேகத்தைக் குறைத்து, "நீ முன்னால போ. ஒன்னயப் பாத்துக்கிட்டே வந்தாத்தான் எனக்கு ஆகும்" என்றார். இடதுபுறம் மலையிலிருந்து காற்று அறைந்தது. எடை இல்லாத வண்டியும் எடை இல்லாத நானும் ரோட்டின் வலது ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தோம். லாரிகள் புளியமரங்களுக்கடியில் வரிசையாக நின்றன. மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் நடந்து வந்தார்கள். அதற்கப்புறம் ரோடு காலியாகிவிட்டது. அந்த ரோட்டை அவ்வளவு சத்தமில்லாமல் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் செயின் சத்தமும் அத்தாவின் மூச்சும்தான் கேட்டன.

பாதி வழிக்கு மேல் போயிருப்போம். ஒரு கிராமத்துக்குப் பிரியும் விலக்கில் வேலிக்கருவை முள்ளை வெட்டி ரோட்டில் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் ஒன்று கோணலாக நின்றது. தார்மேல் கண்ணாடித் தூள் உப்பைக் கொட்டினதுபோலக் கிடந்தது. புளியமரத்தடியில் வெள்ளை வேட்டி போர்த்திய உடல். பக்கத்தில் முன்சக்கரம் எட்டாக மடங்கிய ஒரு சைக்கிள். ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மில் ஷிப்ட் முடிந்து திரும்பியவன் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. பெண்கள் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அழுது ஓய்ந்த முகங்கள்.

இளவட்டங்கள் கம்புகளோடு வந்து எங்களை மறித்தார்கள். வந்த சைக்கிள்களின் வால்வையெல்லாம் பிடுங்கி வேலிக்குள் எறிந்திருந்தார்கள். காற்றுப் போன சைக்கிள்கள் ஓரமாகச் சாய்ந்து கிடந்தன.

"எங்க போறீக? ஒரு வண்டியும் போகக் கூடாது."

"தம்பி, ஆஸ்பத்திரிக்கு" என்றார் அத்தா. அவருக்கு வார்த்தை இரைப்போடுதான் வந்தது. "என் மூத்த மகளுக்குப் பிரசவம். ரத்தம் கொடுக்கணும். இந்தப் புள்ள ரத்தம்தான் சேரும்."

"இங்க ஒருத்தன் ரத்தமாக் கெடக்கான். அவனுக்கு யாரு வந்தா?"

அத்தா புளியமரத்தடியைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். கேட்டவன் குனிந்து அத்தாவின் சைக்கிள் வால்வை உருவினான். உஸ்ஸென்று காற்று முழுவதும் போயிற்று. அடுத்து என் வண்டிக்கு வந்தான். மூடியைத் திருகினான். இழுத்தான். வால்வ் கையோடு வரவில்லை. மறுபடியும் இழுத்தான்.

"என்னடா இது, வரமாட்டேங்குது."

"கம்பிய ஒடச்சு விடு" என்றான் இன்னொருத்தன். கம்பின் நுனியைச் சக்கரக் கம்பிகளுக்கிடையே விட்டுவிட்டான். அதை ஒரு திருப்புத் திருப்பினால் போதும். நான் வண்டியைப் பின்னால் இழுக்கப் பார்த்தேன். கம்பு தடுத்தது.

உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்திருக்காமலே கேட்டாள். "பிரசவத்துலயா?"

தலையை ஆட்டினேன்.

"ரத்தம் நிக்கலையா?"

"நிக்கலையாம்க்கா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கம்பு வைத்திருந்தவனிடம், "ஏலே, கம்ப எடு. அந்தப் புள்ள போகட்டும். ஒரு வீட்டுல எழவு விழுந்தது போதும்" என்றாள்.

கம்பு வெளியே வந்தது. அத்தா தன் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு என் வண்டியைத் தோளில் தூக்கினார். முள்ளையும் கண்ணாடித் தூளையும் தாண்டிப் போய், சுத்தமான தாரில் இறக்கி வைத்தார். நான் பின்னாலேயே போனேன். அவர் இரண்டு பிரேக்கையும் ஒருதரம் பிடித்துப் பார்த்தார். டயரை விரலால் அமுக்கினார்.

"நீ போ."

"நீங்க?"

"நான் தள்ளிக்கிட்டு வாரேன். யாரு கூப்ட்டாலும் நிக்காத. திரும்பிப் பாக்காத."

புளியமரத்தடியில் வளைந்து கிடந்த அந்தச் சைக்கிளை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். கல்லூரி தாண்டி ஒரு தெரு போக விடாத மனுஷன் அதே ரோட்டில் என்னைத் தனியாக அனுப்பினார். நான் ஏறினேன்.

அங்கிருந்து மிதித்த மிதியில் எனக்கு நினைவிருப்பது தொடையில் பற்றிக்கொண்ட எரிச்சலும் தூரத்தில் தெரிந்த கோபுரமும்தான். கோபுரம் தெரிந்துவிட்டதே என்று முதலில் தெம்பு வந்தது. அதன்பிறகு எவ்வளவு மிதித்தாலும் அது அங்கேயே நின்றது. பின்னால் இன்னொரு சைக்கிளின் சத்தம் கேட்டது. நான் வேகமாக மிதித்தேன். அதுவும் வேகமாக வந்தது. இன்னும் வேகமாக மிதித்தேன். அதுவும் விடவில்லை. ரோட்டில் வேறு யாரும் இல்லை. வாய்க்குள் ஓதிக்கொண்டே மிதித்தேன். சக்கரம் குட்டியாக இருப்பதை அன்று ஒருநாள்தான் வெறுத்தேன். கடைசியில் அந்தச் சைக்கிள் எனக்குச் சமமாக வந்தது. தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர்.

"பாப்பா, தாவணி சக்கரத்துல மாட்டப் போகுது. அதச் சொல்லத்தான் விரட்டிட்டு வாரேன். எடுத்துச் சொருகிக்கோ" என்றார். சொல்லிவிட்டு வயல்பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் மச்சான் நின்றிருந்தார். என்னைப் பார்த்தவர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "மாமா எங்க?"

"வாராங்க. அக்கா?"

"இருக்கா" என்றார். என் கையிலிருந்து சைக்கிளை வாங்கிச் சுவரில் சாய்த்தார்.

நர்ஸம்மா என்னை எடை மிஷினில் ஏற்றினார். முள் நாற்பத்தைந்துக்கு இந்தப் பக்கமே நடுங்கி நின்றது. நாடி பிடித்தவர் முகம் சுருங்கியது. "நாடி குதிரை மாதிரி ஓடுது. எடையும் பத்தல. இவகிட்ட எப்படி எடுக்க?"

நான் வாழ்நாள் முழுக்கக் குள்ளம் என்று கேலி கேட்டிருக்கிறேன். அது ஒரு உயிர் போகிற விஷயமாகும் என்று நினைத்ததில்லை. "எடுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொன்னேன். கையை நீட்டினேன்.

டாக்டரம்மா உள்ளிருந்து வந்தார். மேல்துணியில் ரத்தம். எடை முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதுல வந்தே?"

"சைக்கிள்ல."

"ராஜபாளையத்துலருந்தா?" என்று கேட்டு ஒரு கணம் நின்றார். "இவளுக்கு ரெண்டு பன்னும் இனிப்பா டீயும் வாங்கிக் குடுங்க. நாடி அடங்கட்டும். முழு பாட்டில் வேண்டாம், குறைச்சு எடுங்க. மிச்சத்த மதுரையில கேட்டுருக்கேன், பொழுது சாயுறதுக்குள்ள வந்துரும்."

நாடி அடங்குவதற்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான் அன்றைக்கு எல்லாவற்றிலும் கொடுமை. மிதிக்கும்போதாவது ஏதோ செய்துகொண்டிருந்தேன். இங்கே சும்மா இருக்கவேண்டும், பதறாமல் இருக்கவேண்டும். பதறக்கூடாது என்று நினைக்க நினைக்க நெஞ்சு கூடுதலாக அடித்தது. பன்னைப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டேன். டீயை ஊற்றி ஊற்றி விழுங்கினேன். எதிர் பெஞ்சில் மச்சானின் அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். குழந்தையின் பெருவிரல் மட்டும் வெளியே தெரிந்தது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா மூன்றாவது தடவையாக வந்து மணிக்கட்டைப் பிடித்தவர், "ம், வா" என்றார்.

பாட்டில் நிறைவதைப் பார்க்காதே என்றார்கள். பார்த்தேன். அவ்வளவு கருஞ்சிவப்பாக இருக்கும் என்று தெரியாது.

அத்தா வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. காற்றுப் போன சைக்கிளை அவ்வளவு தூரமும் தள்ளிக்கொண்டே வந்திருந்தார். மச்சான் ஓடிப்போய், "ரத்தம் ஏறிட்டு இருக்கு மாமா. போக்கு கொறஞ்சுருக்குன்னு சொன்னாக" என்றார். அத்தா சுவரில் கையூன்றி நின்றார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முழங்கை மடிப்பிலிருந்த பஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"வழியில பயந்தியா?"

"இல்ல அத்தா."

"நான் பயந்தேன்" என்றார்.

மதுரையிலிருந்து ரத்தம் அன்று பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டது. மறுநாள் அக்காவைப் பார்க்க விட்டார்கள். உதட்டில் நிறமே இல்லை. என்னைக் குனியச் சொன்னாள்.

"எதுலட்டி வந்தே?"

"நம்ம வண்டில."

அவள் கண்ணைச் சுழற்றி வாசல் பக்கம் பார்த்தாள். "அத்தாவுக்குத் தெரியுமா?" என்று ரகசியமாகக் கேட்டாள். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் நான் சிரித்துவிட்டேன், சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

அவள் எழுந்து நடமாட மாசங்கள் ஆயின. எனக்கும் கொஞ்ச நாள் மாடி ஏறினால் கண் இருட்டியது. அத்தா திடீரென்று மாறிவிட்டார் என்று சொல்லமுடியாது. நான் சைக்கிளை எடுத்தால் முன்பைவிட அதிகமாகத்தான் பயந்தார். ஆனால் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டார். எப்போது திரும்புவாய் என்று மட்டும் கேட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சிவப்பு வண்டியின் நடுக் கொக்கி அதற்குள் தேய்ந்து உடைந்துவிட்டது. உதிரிப் பாகம் கிடைக்காததால் வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அது மடங்கவே இல்லை. அக்கா வீட்டில் அதைப் போட்டுவைத்து, பஸ்ஸில் போய் இறங்கி, பள்ளிக்கூடத்துக்கு அதில் போய் வந்தேன். நம்மூரிலேயே செய்த சின்னச் சக்கர லேடீஸ் சைக்கிள்கள் கடைக்கு வந்தபோது அத்தாவே என்னை அழைத்துப் போய் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அது நீல நிறம். ஓட்டச் சுகமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு நடந்ததில் நான் வெகுநாள் அறியாமலிருந்த ஒன்றை அம்மா ஒருநாள் சொன்னாள். அக்கா வீடு திரும்பிய வாரம், அரிசியும் சீனியும் வாங்கிக்கொண்டு அத்தா அந்த விலக்கில் இறங்கி, விசாரித்து விசாரித்து, இறந்தவனின் வீட்டுக்குப் போயிருக்கிறார். அன்று என்னைப் போகவிட்ட பெண் அவனுடைய அக்காவாம். கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அத்தா எவ்வளவோ சொல்லியும் கொண்டுபோனதை அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். "ஒங்க மக நல்லா இருக்காளா?" என்று மட்டும் அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். இருக்கிறாள் என்று அத்தா சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறார்.